அம்மாவின் குதிகால்: பினாங்கில் ஒரு கதிர்வீச்சுப் பிரிவைப் பற்றி

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மீதி ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். அம்மாவின் புற்றுநோய்க்குச் சிகிச்சை தந்த, ஜார்ஜ்டவுனில் இருக்கும் இந்தக் கதிர்வீச்சுப் பிரிவின் பெயரை எழுதவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். எந்த மருத்துவமனைக்குப் போகிறவர்களாக இருந்தாலும், உள்ளே என்ன நடக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

அம்மாவுக்கு 71 வயது. நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகளை இடித்த பிறகு என்னோடு வந்துவிட்டார். இடது குதிகாலில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் காட்டினோம். கால் ஆணி என்றார்கள். ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டி ஏழு மாதம் போனது. அதற்குள் புள்ளி இருபது காசு அளவுக்குப் பரவி, ஓரமெல்லாம் பிய்த்த காகிதம் போல ஆகிவிட்டது. ஒருநாள் வாசல் கழுவும்போது அம்மா நடந்த இடத்தில் இரத்தச் சுவடு. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். அந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூட அம்மாவின் காலை மடியில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சோதித்ததில் மெலனோமா என்றார்கள், ஒரு வகைத் தோல் புற்றுநோய். அது வெயிலில் காயும் வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவது வேறு வகை. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. நம்மைப் போல நிறம் கூடியவர்களுக்கும் சீனர்களுக்கும் மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டதும் இதுவே. 1981இல் 36 வயதில் இறந்துபோனார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று இரவே உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். ஆறாத ஆணி, காயமே படாமல் கறுத்த நகம், மாதத்துக்கு மாதம் பெரிதாகும் புள்ளி எதுவானாலும் தோல் மருத்துவரிடம் காட்டிச் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குதிகாலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்தில் இடது தொடை இடுக்கில் நெறி கட்டியது. நுரையீரலில் இரண்டு சிறு புள்ளிகளும் தெரிந்தன. பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசி மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். நான்கு முறைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரல் அப்படியே இருந்தது. தொடை இடுக்குக் கட்டி மட்டும் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. மருந்துக்கு அடங்காத புற்று என்றார்கள்.

அந்த வாரம்தான் கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி, பயத்தில், அம்மாவை ஒரு நலவாழ்வு நிலையத்துக்கு அழைத்துப் போனான். ‘பிறவி எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும்’ சொட்டு மருந்து, பத்து தடவைக்கு ஒரு பேக்கேஜ். தம்பி வாங்கிய முன்பணக் கடன் இன்னும் தீரவில்லை. அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று நான் தொலைபேசியில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “இயற்கையானது” என்ற ஒரே பதில்தான் வந்தது. இரண்டு தடவை ஏற்றிய பிறகு நிறுத்திவிட்டோம். கதிர்வீச்சுப் பிரிவின் டாக்டரிடம் அந்த ரசீதைக் காட்டியபோது அவர் எங்களைத் திட்டவில்லை. பெம்ப்ரோலிசுமாப் போடும் உடம்பில், பெயர் தெரியாத எதையும் தன்னிடம் சொல்லாமல் ஏற்றக்கூடாது என்று மட்டும் அழுத்திச் சொன்னார். அதன்பிறகு, எதிர்ப்பு சக்தி என்றால் என்ன என்று அம்மாவுக்கே விளக்க உட்கார்ந்தார்.

நான்கு நட்சத்திரம் கொடுத்ததற்குக் காரணம் அந்த நாற்பது நிமிடம். டாக்டர் சீனப் பெண்மணி. மலாயில் பேசினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி, சுங்கைப்பட்டாணிக்காரர். அவர் தமிழில் சொன்னார். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. இருவரும் என்னைப் பார்த்துப் பேசாமல் அம்மாவைப் பார்த்தே பேசினார்கள்.

“எதிர்ப்பு சக்தி ஊசிதானே ஏற்கெனவே போடுகிறீர்கள், அது ஏன் கேட்கவில்லை?” என்று அம்மா கேட்டார். டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார். புற்றைக் கொல்லும் வெள்ளையணுக்களுக்கு ஒரு பிரேக் இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பிரேக்கை விடுவிக்கும். இப்படிப்பட்ட பிரேக்குகளின் இரகசியத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2018இல் அலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் கொடுத்தார்கள். ஆனால் வெள்ளையணுக்கள் கட்டிக்குள் வந்து சேரவே இல்லை என்றால் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? சில கட்டிகள் இருப்பதே உடம்புக்குத் தெரியாது. முதலில் அங்கே அபாயச் சத்தம் எழ வேண்டும். அந்தச் சத்தத்தை எழுப்புவது பிறவி எதிர்ப்பாற்றலின் வேலை.

கதிர் அந்த இடத்தில் நுழைந்து இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, புற்றணுவின் டிஎன்ஏவை அறுத்து அதைக் கொல்வது. இன்னொன்றைத்தான் டாக்டர் பெரிதாக வரைந்தார். டிஎன்ஏ உயிரணுவின் நடுவில், உட்கருவுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பொருள். கதிர் பட்டு உடைந்த துண்டுகள் அந்த அறைக்கு வெளியே சிந்துகின்றன. வெளியே டிஎன்ஏ கிடந்தால் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான்: வைரஸ் புகுந்துவிட்டது. சி-கேஸ் என்ற புரதம் அந்தத் துண்டைத் தொட்டதும் ஒரு சிறு மூலக்கூறைச் செய்து அனுப்புகிறது. அது ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தை எழுப்ப, இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்திப் பொருள் கொட்டுகிறது. அந்தச் சத்தத்துக்கு முதலில் ஓடி வருவது கிளையணுக்கள். அவை செத்த புற்றணுவின் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு நெறிகளுக்குப் போய், ‘இதோ, இந்த முகத்தைத் தேடு’ என்று கொல்லும் அணுக்களுக்குக் காட்டிக் கொடுக்கின்றன.

மிஸ்ஸி இதை முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது தப்பு அடிக்கிற மாதிரி” என்றார்.

தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் லயத்தின் ஓரத்திலிருந்து தப்பு என்ற பறையை அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்துதான் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர் பதிவுக்கு, போய் நிற்பார்கள். அங்கே கங்காணி ஆளுக்கொரு நெரையை, அதாவது மர வரிசையை, காட்டிவிடுவார். அம்மா விரலை ஒவ்வொரு படத்தின் மேலும் வைத்துச் சொன்னார்: “இது தப்பு. இது கங்காணி. இதெல்லாம் ஆளுகள். கத்தி, வாளி, மங்கு எல்லாம் கொடுத்துவிட்டு, தப்பை அடிக்காமல் விட்டால் ஆள் எப்படி நெரைக்கு வரும்?” மிஸ்ஸி மொழிபெயர்த்ததும் டாக்டர் பேனாவை அம்மாவின் கையில் கொடுத்துத் தாளில் அந்தப் பெயர்களை எழுதச் சொன்னார். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தப்பு, கங்காணி, ஆள் என்று மூன்று சொற்களை நடுங்காமல் எழுதினார். தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் பத்து வருடமாக மாணவர்களுக்கு நுண்ணுயிர்ப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று இரவே தேடிப் படித்தேன். சி-கேஸ் கண்டுபிடிக்கப்பட்டது 2013இல்தான், டெக்சாஸில் சிஜியன் சென்னின் ஆய்வுக்கூடத்தில். கிளையணுக்களைக் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும், பிறவி எதிர்ப்பாற்றல் எப்படி விழிக்கிறது என்று காட்டிய பியூட்லருக்கும் ஹோஃப்மனுக்கும் நோபல் கிடைத்தது 2011இல். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு ஸ்டைன்மன் புற்றுநோயால் இறந்துபோனார். எண்ணம் மட்டும் அதைவிட மிகவும் பழையது. 1891இல் நியூயார்க்கின் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், புற்றுக்கட்டிக்குள் உயிருள்ள கிருமிகளையே ஊசியில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். 1970களில் டொனால்ட் மார்ட்டன் மெலனோமா முடிச்சுகளுக்குள் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைச் செலுத்தினார். ஊசி பட்ட முடிச்சுகள் பல சுருங்கின. என் இடது தோளில் தழும்பாக இருக்கும் அதே பிசிஜி. இன்றும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றிலும் வழி ஒன்றுதான்: புற்று இருக்கும் இடத்தில் தப்பை அடிப்பது. கோலாலம்பூர்ப் புட்டி செய்வதாகச் சொன்னது இதை அல்ல. கையில் ஏற்றி உடம்பு முழுக்க ‘சக்தி’ பரப்புவதாக அவர்கள் சொன்னார்கள். ஆள் இல்லாத நெரையில் வாளிகளை அடுக்குவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பிரிவை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம், டாக்டர் எங்களுக்கு ஆசை காட்டவில்லை. ஓரிடத்தில் கதிர் பட்டு, படாத இடத்துக் கட்டியும் சுருங்குவதுண்டு என்று நான் படித்ததைச் சொன்னேன். அது உண்மைதான் என்றார். 1953இலேயே மோல் என்பவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். 2012இல் நியூயார்க்கில் ஒரு மெலனோமா நோயாளிக்கு, பிரேக்கை விடுவிக்கும் இன்னொரு மருந்தான ஐபிலிமுமாப்போடு, முதுகெலும்பு ஓரத்தில் கதிர் கொடுக்க, வேறு இடத்துக் கட்டிகளும் வற்றின. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. “அப்படி நடப்பது அரிது. அதை நம்பி நான் உங்களுக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டி சுருங்க வேண்டும், வலி குறைய வேண்டும், அதற்காகக் கொடுக்கிறேன். அதற்கு மேல் நடந்தால் சேர்ந்து மகிழ்வோம்” என்றார். தப்பை இன்னும் பலமாக அடிக்கும் மருந்துகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தலாமே என்று கேட்டேன். ஸ்டிங்கை எழுப்பும் மருந்துகள் எலிகளில் காட்டிய வேகத்தை மனிதர்களில் காட்டவில்லை என்றார். டில்சோடோலிமோட் என்று, ஸ்டிங் அல்லாத வேறு வழியில் தப்பை அடிக்கும் ஒன்று, மருந்துக்கு அடங்காத மெலனோமாவுக்காகப் பெரிய சோதனை வரை போய் 2021இல் எதிர்பார்த்த பலனைத் தராமல் நின்றுவிட்டது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்கிற டாக்டர் கிடைப்பது பெரிய பாக்கியம்.

அளவைப் பற்றியும் கேட்டேன். கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு. சாதாரணமாகக் கதிர்வீச்சு என்றால் நாளுக்கு 2 கிரே வீதம் வாரக்கணக்கில் போகும். மெலனோமா சிறு அளவுகளைத் தாங்கிக்கொண்டு தன் டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்ளும் வல்லமை உள்ளது. அதனால் அம்மாவுக்கு 8 கிரே வீதம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படியானால் மூன்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் என்ன? நியூயார்க் ஆய்வாளர்கள் 2017இல் எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: ஒரே தடவையில் அளவு மிக அதிகமானால், சிந்திய டிஎன்ஏ துண்டுகளைத் தின்று துப்புரவு செய்யும் ட்ரெக்ஸ்-1 என்ற நொதி கிளம்பிவிடுகிறது. துண்டு இல்லை, சத்தமும் இல்லை. 8 கிரேயாக மூன்று முறை கொடுத்தபோது சத்தம் நிலைத்தது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பதையும் டாக்டரே சேர்த்துச் சொன்னார்.

முதல் நாள் கதிர் கிடையாது, அளவெடுப்பு மட்டும். காற்றை உறிஞ்சினால் இறுகிப்போகும் ஒரு பையின் மேல் அம்மாவின் கால்களைப் படுக்கவைத்து அச்சுப் பிடித்தார்கள். பிறகு இடுப்பின் இரு பக்கத்திலும் நடுவிலும் ஊசியால் தொட்டு மூன்று மைப்புள்ளிகள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படுக்கவைப்பதற்கு அதுதான் அடையாளம். அழியாது என்று மிஸ்ஸி தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா வலது முழங்கையை நீட்டிக் காட்டினார். பன்னிரண்டு வயதில் குத்திக்கொண்ட பச்சை அங்கே இருக்கிறது, தேள் ஒன்றும் நான்கு புள்ளிக் கோலம் ஒன்றும். “மூன்று புள்ளிக்கா இவ்வளவு யோசனை?” என்றார். அதன்பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் பக்கம் ஆகிவிட்டார்கள்.

கதிர் கொடுக்கும் அறைக்கு நேராக நுழைய முடியாது. தடித்த கான்கிரீட் சுவருக்கிடையில் வளைந்து போகிறது வழி. உள்ளே சுவர்களிலிருந்து பச்சை ஒளிக்கோடுகள் வந்து அந்த மூன்று புள்ளிகளில் விழ வேண்டும். விழும்வரை ஒரு மலாய் இளைஞர் அம்மாவின் சாரோங்கை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்துச் சரிசெய்தார். “மக்சிக், ஜாங்கான் கெராக் யா” (அம்மா, அசையாதீர்கள்) என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் வெளியேறுவார். அந்தக் குரலில் இருந்த மரியாதை என் நினைவில் நிற்கிறது. இயந்திரம் அம்மாவைச் சுற்றிவர, நாங்கள் வெளியே திரையில் பார்த்தோம். வலியே இல்லை. மூன்று நாளும் முடிந்ததும் லெபோ பினாங்கில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, லெபோ குயின் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டாம் பாலம் வழியாக வீடு திரும்பினோம். நான்காம் நாள்தான் களைப்பு வந்து, அம்மா இரண்டு வாரம் பகலிலும் படுத்தே இருந்தார். இதை முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை.

இனி அந்த ஒரு நட்சத்திரம்.

ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கிறது. அன்று அந்த மிஸ்ஸி விடுமுறையில் இருந்திருந்தால் அம்மா என்னவென்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் தமிழ்ப் பெரியவர்கள் இருந்தார்கள். ஒரு தாள் தமிழில் அச்சடிப்பது பெரிய செலவு இல்லை. நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று கருத்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

இதைவிடக் கடுமையானது சனிக்கிழமை இரவு நடந்தது. பிரேக்கை விடுவித்த எதிர்ப்பாற்றல் சில நேரம் சொந்த உடம்பையே தாக்கும்: குடல், நுரையீரல், தைராய்டு, தோல். அதனால்தான் ஓர் அட்டை கொடுத்து, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே அழைக்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அன்று ஆறு முறை போனது. அட்டையில் இருந்த எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. வீட்டுக்கு அருகே வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். முதலில் சாப்பாட்டுக் கோளாறு என்று உப்புக் கரைசல் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். நான் அட்டையைக் காட்டிய பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஸ்டீராய்டு தொடங்கினார்கள். லேசானதுதான், ஒரு வாரத்தில் அடங்கியது. ஆனால் அட்டையில் எண் அச்சடிக்கிறவர்கள் அதற்கு ஓர் ஆளையும் வைக்க வேண்டும். இதை டாக்டரிடம் நேராகவே சொன்னேன். காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை போனபோது அட்டையில் இரண்டாவது எண் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் தொடை இடுக்குக் கட்டி நிலக்கடலை அளவுக்கு வற்றியிருந்தது. கால் வீக்கம் இறங்கி, அம்மா மறுபடியும் பழைய செருப்பையே போடுகிறார். நுரையீரல் புள்ளிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஊசி தொடர்கிறது. “தப்புச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை போலிருக்கிறது” என்று அம்மா டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. “கேட்டிருக்கலாம், இன்னும் நெரைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். அடுத்த ஸ்கேனில் பார்ப்போம்” என்று மலாயில் சொல்ல, மிஸ்ஸி அதை அம்மாவின் சொற்களாலேயே தமிழில் சொன்னார்.

போகிறவர்களுக்கு: அறை மிகவும் குளிரும், கம்பளி கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும். பெரியவர்களுக்குத் தளர்வான சாரோங்கே போதும், சேலை வேண்டாம். வாகன நிறுத்துமிடம் காலை ஒன்பதுக்குள் நிறைந்துவிடுகிறது. முன்கூட்டியே நேரம் வாங்கும்போது, தமிழ் பேசும் மிஸ்ஸி எந்த நாட்களில் பணியில் இருப்பார் என்று கேட்டு அந்த நாளையே பிடித்துக்கொள்ளுங்கள்.